கிழக்குக் கரையும் வாக்குப்பெட்டியும் – பகுதி 12: மரம் நின்ற தேர்தல்

1988ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி வடக்கு–கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. நிரப்ப வேண்டிய ஆசனங்கள் 71. வாக்குச்சாவடிகள் திறக்கும் முன்பே அவற்றில் 36 ஆசனங்கள் நிரம்பிவிட்டன. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களிலும் ஒருவர்கூடப் புள்ளடி இடவில்லை. இட வேண்டிய தேவையே எழவில்லை.

மீதி 35 ஆசனங்கள் கிழக்கில் இருந்தன. திருகோணமலைக்கு 10, மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14. வாக்களிப்பு என்று ஒன்று நடந்தது இந்த மூன்று மாவட்டங்களில் மட்டுமே. சபையை யார் ஆளப்போகிறார்கள் என்பது அங்கும் எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான்.

தெரியாமல் இருந்தது ஒன்று. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் முஸ்லிம் ஊர்கள் அன்று வீட்டுக்குள் இருக்குமா, வரிசையில் நிற்குமா?

✦

சென்ற பகுதி 1987ஆம் ஆண்டோடு நின்றது. அந்த ஆண்டு ஜூலை 29ஆம் திகதி ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கியது. ஒக்டோபர் 10ஆம் திகதி அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. 1988இல் கிழக்கின் தெருக்களில் காவல் நின்றவர்கள் இந்தியச் சிப்பாய்கள். மட்டக்களப்பையும் அம்பாறையையும் அவர்களின் 57ஆவது மலைப் படைப்பிரிவு கையில் வைத்திருந்தது.

அந்த ஒப்பந்தத்தின் ஒரு பிரிவுதான் இந்தப் பகுதியின் கதை.

வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணைக்கப்படும். 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கு மாகாண மக்களிடம் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தப்படும். இணைந்திருப்பதா, பிரிவதா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். ஒப்பந்தம் அப்படிச் சொன்னது. அதே வரிகளில், வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தையும் ஜனாதிபதிக்குக் கொடுத்தது. வாக்குறுதியும் அதிலிருந்து நழுவும் வழியும் ஒரே பந்தியில் எழுதப்பட்டிருந்தன.

அந்த வாக்கெடுப்பு ஆண்டுதோறும் தள்ளிவைக்கப்பட்டது. கடைசிவரை நடக்கவில்லை. இணைந்த மாகாணத்தின் சபையில் யார் உட்கார வேண்டும் என்று கிழக்கு மக்களிடம் கேட்கப்பட்டது. மாகாணம் இணைய வேண்டுமா என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

✦

இணைப்புக்குச் சட்டத்தில் ஒரு தடை இருந்தது.

1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, இரண்டு மாகாணங்களை இணைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டுவிட்டன, மோதல்கள் ஓய்ந்துவிட்டன என்று அவர் திருப்தியடைந்த பின்னரே அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். 1988 ஓகஸ்டில் அப்படித் திருப்தியடைய இடமே இருக்கவில்லை. புலிகள் ஆயுதங்களை ஒப்படைக்கவில்லை; அந்த ஆயுதங்களோடு இந்தியப் படையைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனவே நிபந்தனை மாற்றப்பட்டது. நாடாளுமன்றத்தில் திருத்தச் சட்டம் கொண்டுவரப்படவில்லை. அவசரகால ஒழுங்குவிதி ஒன்றின் மூலம், ஆயுதங்களை முழுமையாகக் கைப்பற்றும் நடவடிக்கை தொடங்கியிருந்தாலே போதும் என்ற மாற்று வழி 37ஆம் பிரிவுக்குள் நுழைக்கப்பட்டது. நடவடிக்கை தொடங்கியிருந்தது உண்மைதான். அதற்குப் பெயர் போர்.

செப்டெம்பர் 2ஆம், 8ஆம் திகதிகளில் வெளியான ஜயவர்தனவின் பிரகடனங்கள் வடக்கையும் கிழக்கையும் ஒரே நிர்வாக அலகாக்கின. தேர்தலுக்கு வழி திறந்தது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி, இந்த ஒழுங்குவிதியைத்தான் உயர் நீதிமன்றம் பிடித்துக்கொண்டது. சட்டம் விதித்த நிபந்தனையை அவசரகால ஒழுங்குவிதியால் மாற்ற முடியாது, ஆகவே இணைப்பு செல்லாது என்று அது தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1ஆம் திகதி மாகாணங்கள் மீண்டும் பிரிந்தன. 1988இல் எந்த நீதிமன்றமும் இணைப்பைத் தடுக்கவில்லை.

✦

வேட்புமனுக் காலம் வந்தபோது, யார் வரவில்லை என்பதே பெரிய செய்தியாக இருந்தது.

விடுதலைப் புலிகள் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது இந்தியப் படை தன் நண்பர்களுக்குக் கட்டிக்கொடுக்கும் சபை. 1977இல் வடக்கு கிழக்குத் தமிழரின் பெரும்பாலான வாக்குகளை அள்ளிய தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கி நின்றது. இன்னொரு தமிழ் இயக்கமான ஈரோஸும் ஒதுங்கியது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி நாடெங்கும் அந்த ஆண்டின் மாகாண சபைத் தேர்தல்களைப் பகிஷ்கரித்திருந்தது. ஒப்பந்தமே திணிக்கப்பட்டது என்பது அதன் நிலைப்பாடு. ஜே.வி.பி.யின் எதிர்ப்பு துப்பாக்கியோடு வந்தது. தேர்தலில் நிற்பவர்களுக்கும் வாக்களிப்பவர்களுக்கும் அது மரண எச்சரிக்கை விடுத்தது.

ஆளும் ஐக்கிய தேசியக் கட்சி பெயருக்கு மட்டும் நின்றது.

எஞ்சியவர்கள் இந்தியப் படையோடு நின்ற இரண்டு தமிழ் இயக்கங்கள்: ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியும் ஈழ தேசிய ஜனநாயக விடுதலை முன்னணியும். சுருக்கமாக ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈ.என்.டி.எல்.எஃப். வடக்கின் ஐந்து மாவட்டங்களை இரண்டும் பேசிப் பங்கிட்டுக்கொண்டன. எதிர்த்து மனுப் போட ஆள் இல்லாத இடத்தில் வாக்கெடுப்பு நடத்தச் சட்டம் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துக்கான 19 உட்பட வடக்கின் 36 ஆசனங்களும் போட்டியின்றி நிரம்பின. ஈ.பி.ஆர்.எல்.எஃப்.க்கு 24, ஈ.என்.டி.எல்.எஃப்.க்கு 12.

தேர்தல் ஆணையாளராக இருந்தவர் சந்திரானந்த டி சில்வா. சட்டம் கேட்ட படிவங்கள் எல்லாம் முறைப்படி நிரம்பின. பெட்டிகளை நகர்த்தவும் சாவடிகளைக் காக்கவும் ஆயுதம் தாங்கிய ஒரு பெரும்படை இருந்தது. அந்தப் படையோ இன்னொரு நாட்டுடையது.

✦

இலங்கையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததில்லை. 1962 ஜனவரி 27ஆம் திகதிக்குக் குறித்த சதி, கடைசி மணித்தியாலங்களில் வெளியே கசிந்து முறிந்தது. ஆகவே 1988 நவம்பர் தேர்தலை இராணுவப் புரட்சிக்குப் பிந்திய தேர்தல் என்று வகைப்படுத்த முடியாது. ஆனாலும் அதே காலத்தில் அக்கம்பக்கத்து நாடுகளில் நடந்தவற்றோடு வைத்துப் பார்த்தால் முகச்சாயல் தெரியும்.

பாகிஸ்தானில் 1977இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் ஸியாவுல் ஹக், 1984 டிசம்பர் 19ஆம் திகதி ஒரு வாக்கெடுப்பு வைத்தார். இஸ்லாமியச் சட்டங்களை ஏற்கிறீர்களா என்பது கேள்வி. ‘ஆம்’ என்றால் அவருக்கு ஐந்தாண்டு ஜனாதிபதி பதவி. கேள்வி ஒன்று, கிடைக்கும் பரிசு வேறு.

பங்களாதேஷில் 1982 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் எர்ஷாத், 1988 மார்ச் 3ஆம் திகதி பொதுத் தேர்தல் நடத்தினார். அவாமி லீகும் பங்களாதேஷ் தேசியவாதக் கட்சியும் அதைப் பகிஷ்கரித்தன. 300 ஆசனங்களில் 251 எர்ஷாத்தின் ஜாதிய கட்சிக்குப் போயின. எதிர்க்கட்சி என்று காட்ட ஒன்று வேண்டுமே. அதற்கு 19 ஆசனங்களோடு ஒரு கூட்டணி அமைந்தது.

பர்மாவில் இராணுவம் ஆட்சியைத் தன் கைக்கு எடுத்தது 1988 செப்டெம்பர் 18ஆம் திகதி, கல்முனையில் வாக்களிப்பு நடப்பதற்கு இரண்டு மாதத்துக்கு முன். தேர்தல் நடத்துவதாக அதுவும் வாக்களித்தது. 1990 மே மாதம் நடத்தவும் செய்தது. ஆங் சான் சூச்சியின் கட்சி பெருவெற்றி பெற்றது. இராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை.

இவற்றில் திரும்பத் திரும்பத் தெரிவது ஓர் ஏற்பாடு. தெரு படையின் கையில் இருக்கும். மக்களிடம் பலமுள்ள எதிராளி வாக்குச்சீட்டில் இருக்கமாட்டான். படைக்கு இசைவானவர் இருப்பார். கூடவே, போட்டி நடந்தது என்று உலகத்துக்குச் சொல்ல ஓர் இரண்டாம் கட்சி தேவைப்படும். வடக்கு–கிழக்கில் அந்த இரண்டாம் இடம் காலியாகக் கிடந்தது.

✦

அந்த இடத்துக்கு வந்தது பழைய கட்சி எதுவும் அல்ல.

கல்முனையில் சட்டத்தரணியாகத் தொழில் பார்த்த எம்.எச்.எம். அஷ்ரஃபும் அவரது கூட்டாளிகளும் 1981இல் காத்தான்குடியில் தொடங்கிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், 1986 நவம்பரில் கொழும்பு மாநாட்டில் தேசியக் கட்சியாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. தேர்தல் திணைக்களத்தின் அங்கீகாரம் 1988 பெப்ரவரியில்தான் கிடைத்தது. சின்னம் மரம். வடக்கு–கிழக்குக்கு வேட்புமனு கேட்கப்பட்டபோது அந்தக் கட்சிக்கு அங்கீகார வயது எட்டு மாதம்.

அதற்கு முந்திய கரையோர அரசியலை இத்தொடரின் முன்னைய பகுதிகள் விரிவாகச் சொல்லியிருக்கின்றன. 1977 பொதுத் தேர்தலில் கல்முனையில் ஏ.ஆர்.எம். மன்சூர், சம்மாந்துறையில் எம்.ஏ. அப்துல் மஜீத், இரட்டை அங்கத்தவர் தொகுதியான பொத்துவிலில் எம்.ஏ.எம். ஜலால்தீன் என ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. பொத்துவிலின் மற்ற ஆசனம் தமிழர் விடுதலைக் கூட்டணியின் எம். கனகரத்தினத்துக்குப் போனது, அவரும் பின்னர் ஆளும் கட்சிக்கு மாறினார். தொகுதிக்கு ஒரு பெரியவர், அவர் பின்னால் ஊர், அவருக்கு மேலே கொழும்பில் ஒரு கட்சி என்பதே வழக்கம்.

1982 டிசம்பர் 22ஆம் திகதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பு அந்த வழக்கத்தை உறைய வைத்தது. நாடாளுமன்றத்தின் ஆயுளை நீடிக்க ‘ஆம்’ எனும் விளக்குக்கும் ‘இல்லை’ எனும் பானைக்கும் இடையிலான அந்தப் போட்டியில் விளக்கு 54 வீதத்துக்குச் சற்று மேல் பெற்றது. 1977இன் நாடாளுமன்றம் 1989 வரை நீடித்தது. 1988இல் 29 வயதுக்குக் கீழே இருந்த எவரும் தம் வாழ்நாளில் பொதுத் தேர்தல் ஒன்றில் வாக்களித்திருக்கவில்லை. முஸ்லிம் காங்கிரஸ் கூட்டங்களை நிறைத்தது இந்த வயதினர். தொகுதிப் பெரியவர்கள் மேல் கோபமும், ஆயுதம் தூக்கிய இயக்கங்கள் மேல் அச்சமும், ஒப்பந்தம் தங்களைக் கேட்காமல் எழுதப்பட்டது என்ற ஆத்திரமும் அவர்களிடம் சேர்ந்திருந்தன.

ஆத்திரத்துக்குக் கணக்கும் இருந்தது. 1981 குடிசன மதிப்பீட்டின்படி கிழக்கு மாகாணத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். அம்பாறை மாவட்டத்தில் அவர்களே பெரிய சமூகம்: சுமார் 41 வீதம். சிங்களவர் 37 வீதத்துக்கு மேல், தமிழர் 20 வீதமளவில். வடக்கோடு கிழக்கைச் சேர்த்து எண்ணினால் முஸ்லிம்களின் பங்கு சுமார் 17 வீதமாகச் சுருங்கியது. யாரும் இடம்பெயரவில்லை, யாரும் சாகவில்லை. ஒரு பிரகடனம் ஒரு சமூகத்தைப் பாதியாக்கியது.

✦

கரையோரப் பிரதான வீதியில் தெற்கே போனால் இந்தக் கணக்கு மண்ணில் எப்படிப் படிந்திருக்கிறது என்று தெரியும். பெரியநீலாவணை தமிழ் ஊர். அடுத்து மருதமுனை, முஸ்லிம் நெசவாளர்களின் ஊர். பிறகு பாண்டிருப்பு, தமிழ். கல்முனையில் இரண்டு சமூகமும். கல்முனைக்குடி, சாய்ந்தமருது முஸ்லிம் ஊர்கள். காரைதீவு தமிழ். நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை முஸ்லிம். அக்கரைப்பற்றில் மறுபடி இரண்டும். தம்பிலுவில், திருக்கோவில் தமிழ். கடைசியில் பொத்துவில்.

பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்று மேடைகளில் சொல்லப்படும் அடுக்கு இதுதான். 1985 ஏப்ரலில் கல்முனை–காரைதீவுப் பக்கத்தில் நடந்த வன்முறைக்குப் பிறகு அந்த உவமையைச் சொல்பவர்களின் குரல் இறங்கியிருந்தது.

ஆகவே முஸ்லிம் காங்கிரஸின் முன்னால் இருந்த கேள்வி சுலபமானதல்ல. இணைப்பை அது எதிர்த்தது. இணைப்பு நடந்தே தீருமானால், அம்பாறைக் கரையின் முஸ்லிம் தொகுதிகளை அடித்தளமாகக் கொண்டு, நிலத்தொடர்பு இல்லாத முஸ்லிம் ஊர்களையும் இணைத்து ஒரு தனி மாகாண சபை வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அப்படியிருக்க, இணைந்த சபையின் தேர்தலில் நிற்பது இணைப்பை ஏற்றதாகாதா?

முஸ்லிம் அரசியலில் வேறு வழிகளும் அப்போது திறந்திருந்தன. பதியுத்தீன் மஹ்மூத் தலைமையிலான முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி 1988 ஏப்ரலில் சென்னையில் புலிகளோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தது. இணைந்த தாயகத்தை ஏற்று, அதற்குள் முஸ்லிம்களுக்குப் பங்கு உறுதிசெய்வது அந்த வழி. ஐக்கிய தேசியக் கட்சியின் முஸ்லிம் பிரமுகர்களுக்கு வழி இன்னும் எளிது: அரசாங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எதிர்க்காமல் இருப்பது.

அஷ்ரஃப் மூன்றாவதைத் தேர்ந்தார். ஒதுங்கினால் 71 ஆசனங்களும் இந்தியப் படையின் நண்பர்களுக்குப் போகும். கிழக்கு முஸ்லிம்களுக்காகப் பேசும் உரிமையும் அவர்களிடமே போய்ச் சேரும். நின்றால் குறைந்தபட்சம் எண்ணிக்கை பதிவாகும். கட்சி மூன்று கிழக்கு மாவட்டங்களிலும் பட்டியல் கொடுத்தது.

இந்த முடிவுக்கு இரட்டை ஆபத்து இருந்தது. பகிஷ்கரிப்பை மீறுபவர்கள் மேல் புலிகளின் கண் விழும். சாவடியைக் காப்பதாகச் சொல்லும் படையோ எதிரணியின் பாதுகாவலன். இந்த இரண்டுக்கும் நடுவே ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது. முஸ்லிம் காங்கிரஸ் நிற்பது இந்தியாவுக்கும் உவப்பானதே. புது டில்லிக்குத் தேவைப்பட்ட இரண்டாம் கட்சி தானாகவே வந்துவிட்டது.

✦

நவம்பர் 19ஆம் திகதி கரையோர முஸ்லிம் ஊர்கள் வாக்களித்தன.

அம்பாறையின் மேற்குப் பக்கத்துச் சிங்களக் குடியேற்றங்கள் பெருமளவில் ஒதுங்கியதை ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற எண்ணிக்கையே காட்டுகிறது. மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து அதற்குக் கிடைத்தவை 2,251 வாக்குகள். பதினொரு ஆண்டுகளாக நாட்டை ஆண்ட கட்சி, அரை வீதத்தைச் சற்றே தாண்டியது.

ஈ.பி.ஆர்.எல்.எஃப். பெற்றவை 215,230 வாக்குகள், 55.83 வீதம். முஸ்லிம் காங்கிரஸ் பெற்றவை 168,038 வாக்குகள், 43.59 வீதம்.

ஆசனங்கள்: ஈ.பி.ஆர்.எல்.எஃப். 17. முஸ்லிம் காங்கிரஸ் 17. ஐக்கிய தேசியக் கட்சி 1.

நாற்பத்தேழாயிரம் வாக்குகள் குறைவாகப் பெற்ற கட்சி எப்படிச் சமமான ஆசனங்களைப் பெற்றது? விடை விகிதாசார முறையின் உள்ளே இருக்கிறது. ஆசனப் பங்கீடு மாகாணம் முழுவதற்குமான மொத்தத்தில் நடப்பதில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனியாக நடக்கும். மாவட்டத்துக்கு இத்தனை ஆசனம் என்பது வாக்களிப்புக்கு முன்பே நிர்ணயமானது. வாக்குகள் நிறைய விழுந்த மாவட்டத்தில் ஓர் ஆசனத்தின் விலை ஏறும். வாக்காளர்கள் ஒதுங்கிய மாவட்டத்தில் இறங்கும். ஒரு பக்கம் வாக்கு மலையாகக் குவிந்து ஆசனமாக மாறாமல் வீணாவதும், மறுபக்கம் அளவான வாக்கு முழுப் பலனைத் தருவதும் இந்த முறையில் நடக்கக்கூடியவை.

வெற்றியாளர்களின் எண்ணிக்கையைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் அன்றே உண்டு. புலிகளின் பகிஷ்கரிப்பு அழைப்பும் துப்பாக்கிகளின் காவலும் ஒன்றாக இருந்த தமிழ்ப் பகுதிகளில், வாக்கு விருப்பத்தால் விழுந்ததா, வேறு விதமாக விழுந்ததா என்ற கேள்விக்குப் பெட்டிகள் பதில் சொல்லமாட்டா. முஸ்லிம் காங்கிரஸின் எண்ணிக்கை மேல் அப்படி ஒரு நிழல் விழவில்லை. அதன் பின்னால் படை இல்லை. அதற்காக ஆட்களைச் சாவடிக்குக் கூட்டிவரவும் எவரும் துப்பாக்கியோடு நிற்கவில்லை.

முடிவு முன்பே ஒழுங்கு செய்யப்பட்ட ஒரு தேர்தலில் உண்மையான அரசியல் செய்தி தோற்ற பக்கத்திலிருந்து வந்தது. கிழக்கு முஸ்லிம் வாக்கு, கொழும்புக் கட்சிகளிலிருந்து பெயர்ந்து, தனக்கென ஒரு பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டது. இதற்கு ஒரு விலையும் உண்டு. வடக்கு–கிழக்கு மாகாண சபை வெறும் நியமனச் சபை என்று சொல்லவிடாமல் தடுத்தவை அந்த 168,038 வாக்குகளே. சபையை எதிர்த்தவர்கள் அளித்த வாக்குகள் சபைக்குச் செல்லுபடித்தன்மையைக் கொடுத்தன.

✦

மொத்தக் கணக்கு: 71இல் ஈ.பி.ஆர்.எல்.எஃப். 41, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஈ.என்.டி.எல்.எஃப். 12, ஐக்கிய தேசியக் கட்சி 1.

டிசம்பரில் அண்ணாமலை வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். தலைநகர் திருகோணமலை. ஆளுநர் முன்னாள் இராணுவத் தளபதி நளின் செனவிரத்ன. எதிர்க்கட்சித் தலைவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த, ‘வேதாந்தி’ என்று அறியப்பட்ட சேகு இஸ்ஸதீன். எர்ஷாத்தின் டாக்காவில் எதிர்க்கட்சி, அரசாங்கத்தின் நிழலில் வளர்ந்த செடி. திருகோணமலையில் அது அப்படி இருக்கவில்லை. ஆனால் 53க்கு எதிராக 17 பேர் எதையும் தோற்கடிக்கவும் முடியவில்லை.

சபைக்கே பலம் குறைவு. காணி, பொலிஸ் அதிகாரங்கள் காகிதத்தில் இருந்தன. கொழும்பிலிருந்து பணமும் ஆட்களும் வந்துசேரவில்லை என்பது முதலமைச்சரின் ஓயாத முறைப்பாடு.

முஸ்லிம் காங்கிரஸ் தன் 17 ஆசனங்களின் பலனைத் திருகோணமலையில் தேடவில்லை. கொழும்பில் எடுத்தது.

ஜனாதிபதித் தேர்தல் டிசம்பர் 19ஆம் திகதி. சரியாக ஒரு மாத இடைவெளி. ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் ரணசிங்க பிரேமதாச, சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கு எதிராக நெருக்கமான போட்டியில் இருந்தார். முஸ்லிம் வாக்கை மாவட்ட அளவில் திரட்ட முடியும் என்று நவம்பரில் நிரூபித்த ஒரு கட்சியின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. அஷ்ரஃப் வைத்த நிபந்தனை பதவி அல்ல, ஒரு எண் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1978 அரசியலமைப்பின்படி ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீத வாக்கைப் பெறாத கட்சிக்கு ஆசனப் பங்கீட்டில் இடமில்லை. சிதறிக் கிடக்கும் சிறுபான்மைக்கு அது பூட்டிய கதவு.

அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் டிசம்பர் 17ஆம் திகதி நிறைவேறி, வெட்டுப்புள்ளியை 5 வீதமாகக் குறைத்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருந்தது. பிரேமதாச 50.43 வீதத்தோடு வென்றார். தேவையான பாதி எல்லையை அவர் தாண்டியது அரை வீதத்துக்கும் குறைவாகவே.

1989 பெப்ரவரி 15ஆம் திகதி பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் நான்கு ஆசனங்களைப் பெற்றது. அம்பாறையின் தேர்தல் மாவட்டப் பெயரான திகாமடுல்லையிலிருந்து அஷ்ரஃப் நாடாளுமன்றம் போனார். ஈரோஸ் ஆதரவுடன் வடக்கு கிழக்கில் நின்ற சுயேச்சைக் குழு 13 ஆசனங்களைப் பிடித்தது. படையின் நண்பர்கள் மூன்று மாதத்துக்கு முன் போட்டியின்றி வென்ற வடக்கில், போட்டி வந்ததும் மக்கள் வேறு பெட்டியைத் தேடினார்கள்.

✦

சபையின் அடித்தளம் இந்தியப் படையே என்பது அந்த ஆண்டின் நடுவில் வெளியே தெரிந்தது.

1989 மே மாதம் பிரேமதாச அரசாங்கம் புலிகளோடு கொழும்பில் பேச்சைத் தொடங்கியது. ஜூன் 1ஆம் திகதி, ஜூலை இறுதிக்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று பிரேமதாச பகிரங்கமாகக் கேட்டார். படை போனால் தாங்கள் என்ன ஆவோம் என்பது ஈ.பி.ஆர்.எல்.எஃப்.க்குத் தெரியும். தமிழ் தேசிய இராணுவம் என்ற பெயரில் ஒரு படையைக் கட்டத் தொடங்கியது. விருப்பத்தோடு சேர்ந்தவர்கள் போதவில்லை. தமிழ் ஊர்களில் இளைஞர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் வீதியிலும் வீட்டிலும் பிடிக்கப்பட்டு, சில வாரப் பயிற்சியோடு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

செப்டெம்பர் 18ஆம் திகதி இந்தியாவும் இலங்கையும் வெளியேற்ற அட்டவணையில் ஒப்பமிட்டன. முதலில் காலியாக வேண்டிய மாவட்டமாக அம்பாறை குறிக்கப்பட்டது.

ஒக்டோபர் கடைசியில் இந்திய வண்டிகள் கரையோர வீதியை விட்டு வடக்கே நகரத் தொடங்கின. அவை விட்டுச்சென்ற முகாம்களில் சில வாரப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் இருந்தார்கள். காடுகளில் புலிகள் இருந்தார்கள். அம்பாறையில் இலங்கை அரசின் படைகள் இருந்தன. நடுவில், ஒரு வருடத்துக்கு முன் மரத்துக்குப் புள்ளடியிட்ட ஊர்கள், கையில் துப்பாக்கியில்லாமல் 17 மாகாண சபை உறுப்பினர்களோடு இருந்தன.

காலியான கரையை அடுத்துப் பிடிக்கப்போவது யார், அவர்களோடு இந்த ஊர்கள் எப்படி வாழப்போகின்றன? அடுத்த வாரம்.